சின்னவளுக்கு மட்டும் வந்த அழைப்பு

பெரியவளுக்குப் பொறாமைக் குணம் உண்டு என்பது அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதை மறைத்ததில்லை. பக்கத்து மேஜைக்காரிக்குப் புது இஸ்திரிப்பெட்டி வந்தால், "ஏன், என் கை மட்டும் மரக்கட்டையா?" என்று முதலாளியிடமே கேட்டுவிடுவாள். கேட்டுவிட்டால் ஆறிப்போகும். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் மேஜை விரிப்புகளையும் சட்டைகளையும் தேய்ப்பது அவள் வேலை. காலர், கை, முதுகு என்று வரிசையாகத் தேய்த்து அவள் மடித்து வைத்த சட்டை அப்போதுதான் கடையில் வாங்கியது போல இருக்கும். அந்த நீராவி வெக்கையில் நாள் முழுக்க நின்றபடி பேசுவாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவள் என்றுதான் அங்கே பேச்சு.

வீட்டு விஷயம் வேறு. அங்கே ஒன்றை யாரிடமும் கேட்க முடியாமல் பல வருஷமாக உள்ளேயே வைத்துப் புகைந்துகொண்டிருந்தாள். அது அவளுடைய ஓரகத்தியைப் பற்றியது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய வீடு அது. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அண்ணன் பெயின்ட் அடிக்கிறவன். தம்பி தரைக்கு ஓடு பதிக்கிறவன். இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை கிடையாது, கூப்பிட்ட இடத்தில் வேலை. அதனால் மருத்துவக் காப்பீடு என்று சொல்லிக்கொள்ளும்படி அந்த வீட்டில் எதுவும் இல்லை. தம்பி ஒன்று எடுத்து வைத்திருந்தான். கட்டடத்திலிருந்து விழுந்து கை கால் உடைந்தால்தான் அது வாயைத் திறக்கும். மற்ற நோய்நொடி எதற்கும் அசையாது.

மாடியில் இருந்த சின்னவள், பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் ஒன்றில் வேலை பார்த்தாள். வாய் மூடாத கலகலப்புக்காரி. அவளுக்குக் குழந்தை இல்லை. பெரியவளுக்கு ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையை அம்மாவின் காலடியில் போட்டுவிட்டு மாடி ஏறுவாள். "சித்தி!" என்ற குரல் மேலே போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு ஆரம்பித்துவிடும். அம்மாவிடம் பேசுவதற்கு அவளிடம் இருந்தது பசிக்குது, தூக்கம் வருது, தெரியும்மா என்பவைதான். மகள் யாரையோ விரும்பியதும், அது முறிந்துபோனதும், சித்தியின் மடியில் படுத்து அவள் அழுதுதீர்த்ததும்கூடப் பெரியவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் சின்னவள் வாய் தவறி உளறியதால். மறுநாள் சலவைக்கூடத்தில் பெரியவள் ஒரு வெள்ளை மேஜை விரிப்பைக் கருக்கிவிட்டு, பெட்டியில்தான் கோளாறு என்று சாதித்தாள்.

இதை யாரிடம் சொல்வது? புருஷனிடம் ஒருமுறை லேசாக எடுத்துப் பார்த்தாள்.

"பாவம், அதுக்குன்னு ஒரு புள்ள இல்ல. நம்ம பொண்ணு மேல பாசமா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன குறையுது?" என்றான் அவன்.

பாவம் என்ற சொல் வந்து நின்றுவிட்டால் அப்புறம் பொறாமைக்கு அங்கே இடமில்லை. பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். புகை மட்டும் அடங்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்துக்கு ஒரு நர்ஸ் வந்தார். ஊரில் இருந்த ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னார். காப்பீடு இல்லாதவர்களுக்கும், இருந்தும் போதாதவர்களுக்கும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். நாற்பதைத் தாண்டிய பெண்கள் வரலாம்.

"எனக்குத்தான் கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு வரணும்?" என்றாள் துணி பிரிக்கிறவள்.

"கையில தட்டுப்படறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கத்தான்மா இந்தப் படமே எடுக்கறது."

"கண்டுபிடிச்சு சொல்லிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் வைத்தியத்துக்கு நாங்க எங்க போறது?"

"அதுக்கும் நாங்களே வழி பண்ணுவோம். பாதியில கைவிடறதா இருந்தா உங்களைக் கூப்பிடவே மாட்டேன்" என்றார் நர்ஸ்.

பெரியவளுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. உடனே பெயர் கொடுத்தாள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் முடிவு செய்தாள். பயம் காரணமில்லை. தன்னைப் பற்றி மட்டும் அக்கறையாக ஒருவர் கேட்டது, தனக்கென்று ஒரு நாள் குறித்தது, இதெல்லாம் அவளுக்குப் புதுசு. அதை மாடி வரைக்கும் ஏற்றிவிட அவளுக்கு மனமில்லை. ஆனால் குறித்த தேதியை உறுதி செய்ய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது போனை எடுத்தவள் மகள். அடுத்த நிமிஷம் அவள் மாடியில் இருந்தாள். அதற்கடுத்த நிமிஷம் சின்னவள் கீழே நின்றாள்.

"என்னக்கா, எங்கிட்ட சொல்லவே இல்ல? எனக்கும் நாற்பது தாண்டிடுச்சே. நானும் வரேன், ரெண்டு பேருமா போயிட்டு வந்துடலாம்!"

சினிமாவுக்குப் போவது போலக் கேட்டாள். வராதே என்று எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரிக் கூடத்தில் பெண்கள் முன்பக்கம் திறக்கும் அங்கியைப் போட்டுக்கொண்டு, அதை இறுக்கிப் பிடித்தபடி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் போய் உட்கார்ந்தவுடன் அந்த இடமே மாறியது. யாருடைய முடி ஏன் கொட்டுகிறது, யார் எந்த எண்ணெயை நிறுத்த வேண்டும் என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவள் ஓரத்தில் இருந்தாள். "உங்க தங்கச்சியா? குடுத்து வச்சவங்க நீங்க" என்று ஒருத்தி சொன்னாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

முதலில் உள்ளே போனது பெரியவள்தான். படம் எடுக்கும் பெண் அவளை இயந்திரத்தோடு ஒட்டி நிற்கச் சொல்லி, மார்பைச் சில்லென்ற தட்டின் மேல் வைத்து, மேலே இன்னொரு தட்டை இறக்கி அழுத்தினாள். "வலிக்கும், கொஞ்ச நேரம்தான். மூச்சைப் பிடிச்சுக்கோங்க." நான் காலரை அழுத்துகிற மாதிரியல்லவா என்னை அழுத்துகிறாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது. சொல்லலாமா என்று நினைத்தாள். முன்பின் தெரியாதவளிடம் என்ன பேச்சு என்று விட்டுவிட்டாள்.

அடுத்துச் சின்னவள் போனாள். கதவு சரியாக மூடவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஐயோ, எங்க அக்கா சட்டைக் காலரை எப்படி அழுத்துவாங்கன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது!" படம் எடுக்கும் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே இருந்தவர்களும் சிரித்தார்கள்.

பெரியவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவள் மனதில் வந்த வார்த்தை. அவளுடைய வேலை, அவளுடைய காலர். அதையும் இவள் எடுத்துக்கொண்டுவிட்டாளே!

சில நாளில் பெரியவளுக்குப் போன் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, இரண்டு வருஷம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் கையில் ஒட்டியிருந்த பெயின்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம்."

"நல்லது. அந்தத் துண்டை எடு."

அவ்வளவுதான். வேறு என்ன எதிர்பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஏதோ ஒன்றை எதிர்பார்த்தாள்.

மறுநாள் சின்னவளுக்குப் போன் வந்தது. இடது பக்கத்துப் படத்தில் ஒரு இடம் தெளிவாக இல்லை, திரும்ப வரவேண்டும் என்றார்கள். திரும்பப் போனபோது இன்னும் சில படங்கள் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி அடுத்த வாரத்துக்கு நாள் கொடுத்தார்கள்.

வீடே தலைகீழானது. சின்னவளைக் கொண்டுபோய்க் கூட்டிவர, துண்டை எடு என்று சொன்ன அதே மனிதன் வேலைக்கு லீவு போட்டான். மகள் தலையணையோடு மாடிக்குக் குடிபோனாள். பார்லரிலிருந்து பெண்கள் கூட்டமாகப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி, பெரியவளோடு குப்பைத்தொட்டி விஷயத்தில் பேச்சு வார்த்தையை நிறுத்தியிருந்தவள், வாசலில் நின்று "சின்னவ எப்படி இருக்கா?" என்று பெரியவளிடமே கேட்டாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுவது பெரியவளின் வேலையாயிற்று. திறந்ததும் அவளைத் தாண்டிப் படியேறினார்கள்.

ஒரு மத்தியானம் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குள் அந்த எண்ணம் வந்தது: அந்தப் போன் எனக்கு வந்திருக்கக் கூடாதா?

கை நின்றுவிட்டது. இப்படியும் ஒருத்திக்குத் தோன்றுமா? தலையை உதறிக்கொண்டு மறுபடி தேய்த்தாள். எண்ணம் போகவில்லை. தனக்கு வந்திருந்தால் மகள் இப்படிக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருப்பாளா, அவன் லீவு போட்டிருப்பானா என்று அது கணக்குப் போட்டுக்கொண்டே போனது. மறுநாள் காலையில் குளிக்கும்போது, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் மார்பை விரலால் அழுத்தி அழுத்தித் தேடினாள். ஆஸ்பத்திரியில் பார்க்காமல் விட்டது ஏதாவது இருக்குமோ? ஒன்றும் தட்டுப்படவில்லை. அதில் ஒரு துளி ஏமாற்றம் இருந்தது என்பதை உணர்ந்தாள். தண்ணீரைத் தலையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சின்னவள் இறங்கி வந்தாள். பேச்சில் சிரிப்பு இல்லை.

"அக்கா, ஊசி டெஸ்டுக்கு நீங்க வர்றீங்களா? அவருக்கு ஆஸ்பத்திரி வாடை பட்டாலே மயக்கம் வந்துடும். பொண்ணுக்குப் பரீட்சை. உங்க வீட்டுக்காரரை வெச்சுக்கிட்டு அங்க நான் எப்படி..."

மற்ற எல்லோரும் இல்லை என்றான பிறகு நான் என்று பெரியவளுக்குச் சுருக்கென்றது. "வரேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அழைப்புக்காகக் காத்திருந்த நேரத்தில் சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "பயப்படாத. எல்லாரும் உன்னைச் சுத்திச் சுத்தித்தானே நிக்கறாங்க" என்றாள். ஆறுதலாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க என்னைப் பார்த்து வயிறெரியறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பொண்ணு மாடிக்கு வரும்போதெல்லாம் கீழ பாத்திரம் விழுற சத்தம் கேட்கும். இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

பெரியவள் மடியில் இருந்த பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள்.

"நானும் சொல்லிடறேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு போன் வந்துதே, அன்னிக்கு எனக்குச் சந்தோஷம்தான். மறுநாள் எனக்குப் போன் வந்ததுல இருந்து உங்களைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னதுக்கு அப்புறமும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு கதவைத் திறக்கறீங்க பாருங்க, ஒரு அறை விடலாம் போல இருக்கு. அந்தப் பதில் எனக்கு வந்திருந்தா தெருத்தெருவா ஆடியிருப்பேன்!" அவள் குரல் உடைந்தது. "மாத்திக்கலாமா அக்கா? பொண்ணு, பழம், வர்றவங்க போறவங்க எல்லாத்தையும் நீங்க எடுத்துக்கோங்க. அந்தப் போனை மட்டும் எனக்குக் குடுங்க. மாத்திக்கறீங்களா?"

நேற்றுவரை பெரியவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே பேரம். வேறொரு வாயிலிருந்து இப்போது கண் எதிரே வந்து நின்றது. சரி என்று பொய் சொல்லலாம்; கேட்க நன்றாக இருக்கும். அவள் சொல்லவில்லை.

"மாட்டேன்" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. மாத்திக்க மாட்டேன்."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "பரவாயில்ல. இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் எங்கிட்ட ஒரு உண்மையைச் சொன்னீங்க" என்று பெரியவளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெயர் கூப்பிடும் வரைக்கும் பெரியவள் கையை எடுக்கவில்லை. உள்ளேயும் கூடவே போனாள். ஊசி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டது சின்னவளில்லை, பெரியவள்தான்.

பரிசோதனையில் புற்றுநோய் என்றே வந்தது. டாக்டரம்மா படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். மிளகு அளவுதான் இருக்கிறது, இப்போது எந்தக் கைக்கும் தட்டுப்படாது. விட்டிருந்தால் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்திருக்கும். மார்பகம் முழுதையும் எடுக்க வேண்டியதில்லை, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் சிகிச்சை கொடுக்கலாம். நர்ஸ் வாக்குக் கொடுத்தபடியே செலவை அறக்கட்டளை பார்த்துக்கொண்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். சமையலறையில் நின்றிருந்த அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"சித்தி முன்னாடி என்னால அழ முடியலம்மா. சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிக்குது. சித்திக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

எத்தனை வருஷம் ஏங்கிய ஏக்கம்! மகள் அழுவதற்குத் தன்னிடம் வந்திருக்கிறாள். ஆனால் அழுதது சித்திக்காக. பெரியவளுக்கு ஒரே சமயத்தில் நெஞ்சு குளிர்ந்தது, எரிந்தது, இந்த நேரத்திலும் இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமும் பிடுங்கித் தின்றது. மூன்றையும் வைத்துக்கொண்டு மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ஒண்ணும் ஆகாது. நான் கூடவே இருக்கேன்ல" என்றாள்.

சொன்னபடி இருந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கதிர் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டியிருந்தது. முதலாளியிடம் சண்டை போட்டு விடிகாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, மத்தியானம் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் இரண்டு பேரும் எதிர்வீட்டுக்காரியைத் திட்டினார்கள். அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. தோல் கறுத்து எரிந்த நாட்களில் சின்னவள் யாரோடும் பேசாமல் படுத்திருப்பாள். அப்போது பெரியவள் பஞ்சுபோல நைந்த பருத்திச் சட்டைகளாகப் பொறுக்கி எடுத்து, சுருக்கமோ தையல் விளிம்போ உறுத்தாதபடி தேய்த்து, மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், அதெல்லாம் எங்கே போகும்? அது புது ஆளைப் பிடித்துக்கொண்டது.

கதிர் சிகிச்சைக்கு அதே நேரத்தில் வந்துகொண்டிருந்தாள் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண். கட்டைக் குரல், பெரிய சிரிப்பு. வேன்காரிக்கும் சின்னவளுக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. இருவருக்கும் ஒரே மாதிரி நோய், ஒரே பக்கம், ஒரே எரிச்சல். "உனக்கு அக்குள் கிட்ட இழுக்குதா? எனக்கும்தான்!" என்று ஆரம்பித்தால் பேச்சு முடியாது. நடுவில் பெரியவள் வாயைத் திறந்தால், வேன்காரி, "அது பட்டவங்களுக்குத்தாங்க தெரியும்" என்பாள்.

ஒருநாள் பெரியவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது, சின்னவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வேன்காரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் நகருங்க" என்றாள் பெரியவள்.

"அந்தப் பக்கம் காலியா இருக்கே."

"இருக்கட்டும். இது என் இடம்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அவள் தோள் குலுங்கியது. வேன்காரி எழுந்து போனதும், "என்னக்கா இது, பாத்திரம் உருட்டாத குறைதான்" என்றாள்.

"சும்மா இரு. பட்டவளாம், பெரிய பட்டவ. ராத்திரியெல்லாம் உன் பக்கத்துல முழிச்சுக்கிட்டுக் கிடந்தது அவளா?"

சிகிச்சை முடிந்தது. அதன் பிறகு வருஷம் தவறாமல் சின்னவளுக்குப் படம் எடுக்கிறார்கள். இதுவரை சுத்தமாக இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்துப் பெரியவளின் முறை வந்தபோது, சலவைக்கூடத்தில் பாதிப் பேரைத் தள்ளிக்கொண்டு போனாள், நான் எதுக்கு வரணும் என்று அன்று கேட்ட துணி பிரிக்கிறவளையும் சேர்த்து. சின்னவள் மறுபடி கத்தரிக்கோல் பிடிக்கிறாள். இடது கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது என்பதைத் தவிரக் குறையில்லை.

வேன்காரிக்கும் உடம்பு தேறிவிட்டது. மாதம் ஒருமுறை சின்னவளைப் பார்க்க வருகிறாள். தெருமுனையில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுத்தான் இறங்குவாள். பெரியவள் கதவைத் திறந்துவிடுவாள், வாங்க என்பாள், முகம் கோணாமல் உட்கார வைப்பாள். டீயும் அவளே போட்டுக் கொடுக்கிறாள். வேன்காரியின் டம்ளரில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் கம்மியாக இருக்கும்.